ரூபேந்திரனுக்கு மட்டும் வேலை இல்லை

"உனக்கு இங்க வேலை இல்ல. அடுத்த ஆள வரச் சொல்லு."

கணினியிலிருந்து முகத்தைத் திருப்பாமலே சொன்னாள் கஸ்தூரி. பத்து பாகாட் என்ற ஊரின் தொழிற்சாலைகளுக்கு ஆள் சேர்த்து அனுப்பும் அந்த ஏஜென்சியில், யாருக்கு வேலை என்று முடிவு செய்வது அவள்தான். அந்தத் திமிர் குரலில் நன்றாகவே தெரிந்தது.

ரூபேந்திரன் நகரவில்லை. இதற்கு முன்பும் இரண்டு முறை இப்படித்தான் துரத்திவிட்டாள்.

"ஏன் இல்ல மேடம்? காரணம் சொல்லுங்க."

"உனக்குப் பொறுமை பத்தாது."

"பிரேமகுமாருக்குப் பத்துமா? அவனும் நானும் ஒரே கிளாஸ். அவனுக்கு பேக்டரியில மெஷின் வேலையக் குடுத்தீங்க. வெளிய நிக்கிற அத்தன பேருக்கும் குடுப்பீங்க. எனக்கு மட்டும் என்னா கொறச்சல்? வீட்டுல தெனம் திட்டு வாங்குறேன், வேலைக்குப் போ, போன்னு."

"அதுக்கு நான் என்னா செய்றது?"

கத்திக் கத்தி அவனுக்குத் தொண்டை வறண்டுவிட்டது. மேசைமேல் இருந்த அவளுடைய தண்ணீர் போத்தலைத் திறந்து, வாய் வைத்தே குடித்தான். வேலை கேட்டு வந்தவனுக்கு இவ்வளவு கொழுப்பு ஆகாது. அவள் மூடியை எடுத்துப் போத்தலை மூடி வைத்தாள்.

"ஒரு துணிக்கடையில ஆள் கேக்குறாங்க. போறியா?"

"எனக்கு அந்த பேக்டரிதான் வேணும். நீங்க அனுப்பாட்டி போங்க லா, நானே நேரா போயி மேனேஜரப் பாக்குறேன்."

கஸ்தூரி பாய்ந்து எழுந்து அறைக்கதவைச் சாத்தி, அதில் முதுகை வைத்து நின்றுகொண்டாள். கோபத்தில் உதடு துடித்தது. குரலை மட்டும் தாழ்த்தினாள்.

"அறிவிருக்கா உனக்கு? கை உள்ள இருந்தா அந்த மெஷின் தானா நிக்கணும். வேலை வேகமா ஓடணும்னு அந்தப் பாதுகாப்பையே கழட்டி வெச்சிருக்கானுங்க. மாசா மாசம் எங்கிட்ட புது ஆள் கேக்குறானுங்களே, எதுக்குன்னு நெனைக்கிற? போன மாசம் ஒருத்தனுக்கு நாலு விரலும் போச்சு. தெரிஞ்சே உன்ன அங்க அனுப்பச் சொல்றியா?"

ரூபேந்திரன் கதவைப் பார்த்தான். கதவுக்கு அந்தப் பக்கம் பையன்கள் சிரித்துப் பேசிக்கொண்டு காத்திருந்தார்கள். உண்மையான கோபம் அவனுக்கு இப்போதுதான் வந்தது.

இந்த முறை அவன் மேடம் என்று கூப்பிடவில்லை.

"காலையில பிரேமகுமாரோட ஒரு வேன் நெறைய ஏத்தி விட்டியே, அவங்களுக்கெல்லாம் அம்மா இல்லையா, அம்மா?"