தண்ணீர் அடங்கும் வரை

“அந்தப் பாலம் உடைஞ்சதைப் பத்தின பகுதியை மட்டும் ஆய்வுக் கட்டுரையிலிருந்து எடுத்துடும்மா. மத்ததெல்லாம் நல்லா வந்திருக்கு.”

“ஏன் சார், பயமா இருக்கா?”

துறைத்தலைவர் அலைத்தொட்டியின் கண்ணாடிச் சுவரில் வழிந்த தண்ணீரை விரலால் துடைத்தார்.

ஆய்வுக்கூடத்தின் நீளம் முழுவதும் அந்தத் தொட்டிதான். ஒரு முனையில் தண்ணீரைத் தள்ளி அலை எழுப்பும் இரும்புத் தட்டு. நடுவில், முழங்கால் உயரத்துக்கு ஒரு கடற்பாலம். தூண், விட்டம், மேல்தளம் எல்லாம், அதே துறையில் ஆசிரியையான அவள் கைப்பட ஒட்டியது. அவளுடைய அப்பா வரைந்த பாலத்தின் மாதிரி.

அசல் பாலம், திறந்த மறு வருடமே ஒரு புயலில் உடைந்தது. ஆள் சேதம் இல்லை. அப்பாவின் பெயர்தான் போனது. வேலையை விட்டார். அதன் பிறகு, சாகும் வரை, கடற்கரைப் பக்கமே போகவில்லை.

பாலத்தை வரைந்தது அப்பா. அந்த இடத்தில் எவ்வளவு உயரத்துக்கு அலை எழும்பும் என்று கணக்கிட்டுக் கொடுத்தது, அப்பாவுக்குக் கீழே வேலை பார்த்த ஒரு இளம் பொறியாளர். அவர்தான் இன்று துறைத்தலைவர்.

அவர் அலையைக் குறைத்துச் சொன்னார், பழி அப்பா தலையில் விழுந்தது. அவள் இப்படித்தான் நம்பினாள். சக ஆசிரியர்களிடம், மாணவர்களிடம், கருத்தரங்குக்கு வந்த வெளியாட்களிடம்கூடச் சொல்லியிருந்தாள்.

இன்று நிரூபிக்கப் போகிறாள். அவர் கணக்கிட்ட அலைக்கு மாதிரி அசையாமல் நிற்கும். புயலில் உண்மையில் வந்திருக்கும் என்று அவள் நினைத்த பெரிய அலைக்கு உடையும். அதைப் பார்க்க அம்மாவையும் அழைத்து வந்திருந்தாள்.

“இவ்வளவு பெரிய தொட்டி, ஒரு மீன்கூட இல்லையாடி?” என்றாள் பிளாஸ்டிக் நாற்காலியில் இருந்த அம்மா.

“அண்ணி, நீங்க எதுக்கு சிரமப்பட்டு வந்துக்கிட்டு?” என்றார் துறைத்தலைவர்.

“இவ விட்டாத்தானே தம்பி. அடுப்பை அணைக்கக்கூட விடாம இழுத்துட்டு வந்துட்டா.”

அண்ணியாம். அப்பாவின் சாவுக்கு வந்தபோதுகூட வாசலோடு நின்றுவிட்டுப் போனவர்.

“முதல்ல உங்க அலை, சார்,” என்று சொல்லி விசையை அழுத்தினாள்.

தட்டு முன்னும் பின்னும் அசைந்தது. அலைகள் வரிசையாக வந்து தூண்களுக்கு இடையில் புகுந்து போயின. பாலம் நின்றது. அவள் அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள்.

பளார் என்று ஒரு சத்தம்.

ஒரு அலை தளத்தின் அடிவயிற்றில் அறைந்திருந்தது. மேல்தளம் பானை மூடி போலக் கிளம்பி, குப்புற விழுந்து மிதந்தது.

“இது கணக்குல சேராது,” என்றாள் அவசரமாக. “இப்பதான் வேற ஒரு சோதனை ஓட்டினேன். அந்த அலையோட மிச்சம் தொட்டியில இருந்திருக்கு.”

“இருக்கும், இருக்கும். அதேதான்,” என்றார் துறைத்தலைவர்.

“தண்ணி அடங்கட்டும். திரும்ப ஓட்டலாம்.”

அவள் சொன்னது அவருடைய வாக்கியம். அவசரப்படுகிற எல்லோரிடமும் சொல்வார். மாணவர்கள் அவருக்கு வைத்திருந்த பெயரே ‘அடங்கட்டும் சார்’. இன்று அவர் கடிகாரத்தைப் பார்த்தார்.

“இன்னொரு நாள் பாத்துக்கலாமே. அண்ணிக்கு நேரமாகுது.”

“உங்களுக்குத்தான் சார் நேரமாகுது.”

தளத்தை மீண்டும் பொருத்தினாள். தண்ணீரில் கூரையின் விளக்குகள் கோணலாக நெளிந்தன. மெல்ல மெல்ல விளக்குகள் நேராயின.

“போதும்டி, வா, வீட்டுக்குப் போகலாம்,” என்றாள் அம்மா.

“இரும்மா. அப்பாவுக்காகத்தானே.”

அம்மா கைப்பையை மடியில் இறுக்கிக்கொண்டாள்.

மகள் விசையை அழுத்தினாள். அதே அலை. அவர் கணக்கிட்ட அலை. அதே சத்தம்.

இந்த முறையும் தளம் பெயர்ந்து மிதந்தது.

அவள் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். பாலத்தின் மேல் ஏறக்கூடிய பாரத்துக்கெல்லாம் அப்பா கணக்குப் போட்டிருந்தார். கீழேயிருந்து அலை முட்டும் என்பதற்குப் போடவில்லை. படகிலிருந்து ஏற வசதியாக இருக்கட்டும் என்று தளத்தைத் தாழ்வாக வரைந்திருந்தார். பெரிய அலை வந்திருக்கவே வேண்டாம். அவர் கணக்கிட்ட அலையே உடைக்கப் போதும்; பிழை அவருடைய கணக்கில் இல்லை.

துறைத்தலைவர் விசையை நிறுத்தினார்.

“பசை சரியாப் பிடிக்கலை போல. இத்தனூண்டு மாடலை வெச்சுக்கிட்டு எதையும் முடிவு பண்ண முடியாதும்மா,” என்றார். ஒரு மாணவன் அப்படிச் சொல்லியிருந்தால் வெளியே போ என்றிருப்பார். “அண்ணிக்கு டீ சொல்லிட்டு வரேன்.”

கதவு சாத்திக்கொண்டது.

“அம்மா, இது அவருக்கு முன்னாடியே தெரியுமா?”

அம்மா நாற்காலியிலிருந்து எழுந்து தொட்டியருகே வந்தாள்.

“‘தளத்தை இன்னும் கொஞ்சம் தூக்குங்க அண்ணே’ன்னு நம்ம வீட்டுக்கே வந்து மன்றாடினார். அப்பா கேக்கல. ‘அலையை எண்ணுறது உன் வேலை, அதை மட்டும் பாரு’ன்னு சொல்லி அனுப்பிட்டார்.”

“அப்போ நான் ஊரெல்லாம் அவரைத் திட்டிக்கிட்டுத் திரிஞ்சேனே! என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேம்மா?”

“சொல்லிடறேன்னுதான்டி அவர்கிட்ட கேட்டேன். ‘வேண்டாம் அண்ணி, அண்ணனைத் திட்டுறதுக்குப் பதிலா என்னையே திட்டிட்டுப் போகட்டும்’னுட்டார்.”