ஹிம் வந்தால் ஆள்

"த்ரோ ஹிம் அவுட்" என்று உள்ளே முதலாளி சொன்னது, கதவுக்கு வெளியே நின்ற எனக்கு நன்றாகவே கேட்டது.

மேனேஜர் மாடிக்கு வரச் சொன்னதால் கேட்டை விட்டுவிட்டு வந்திருந்தேன்.

இந்த வாரம் ஒரு தலை உருளும் என்று டிரைவர் சொல்லியிருந்தான். அவன் சொல்வதில் முக்கால்வாசி புளுகு. ஆனால் கால்வாசி இருக்கிறதே. வாட்ச்மேன் வேலை போனால் இந்த வயதில் எனக்கு எவன் வேலை கொடுப்பான்?

எனக்கு மூன்றாம் கிளாஸ் படிப்பு. அந்த இங்கிலீஷைக் கற்றுக்கொடுத்தவரே மேனேஜர்தான்.

சேர்ந்த புதிதில் யாரையோ காட்டி "த்ரோ அவுட்" என்றார். நான் அவர் மேசையில் கிடந்த பைல்களை அள்ளிக் குப்பையில் போட்டேன். அன்றைக்குத் திட்டித் திட்டிப் பாடம் நடத்தினார். நடுவில் 'இட்' வந்தால் சாமான். 'ஹிம்' வந்தால் ஆள். ஆள் என்றால் காலரைப் பிடிக்க வேண்டும். கேட்டைத் தாண்டும் வரை கையை எடுக்கக் கூடாது. என்ன சொன்னாலும் காதில் வாங்கக் கூடாது.

பதினோரு வருஷத்தில் எத்தனையோ பேரை அப்படித் தள்ளியிருக்கிறேன்.

கதவைத் திறந்தேன். உள்ளே இருந்தது இரண்டே பேர். முதலாளி தன்னையே தள்ளச் சொல்ல மாட்டார்.

மேனேஜரின் காலரைப் பிடித்தேன்.

"யோவ், என்னை இல்லய்யா, உன்னைத்தான்யா சொன்னாரு!"

"பேர் சொல்லலியே சார்."

படியில் இறங்கும்போது கெஞ்சினார், மிரட்டினார், நடுவில் என்னை அண்ணன் என்றுகூடக் கூப்பிட்டார். எல்லோரும் சொல்வதுதான். கேட்டைத் தாண்டிய பிறகு கையை எடுத்தேன்.

அவருடைய ஒரு செருப்பு படியிலேயே கழன்று கிடந்தது. அதையும் எடுத்துவந்து வெளியே போட்டேன். அது 'இட்'.

மாடி ஜன்னலில் முதலாளி நின்றுகொண்டிருந்தார்.

கேட் சாவியை ஆணியில் மாட்டிவிட்டு நானும் கிளம்பினேன். எடுத்துக்கொள்ள ஒன்றும் இல்லை. குடை, போர்வை, மாற்றுச் சட்டை எல்லாவற்றையும் காலையிலேயே மனைவியிடம் கொடுத்து அனுப்பிவிட்டேன்.