நடுவில் இருக்கும் ரெசிஸ்டர்

ஐந்து ரெசிஸ்டரை ஒரே மின்தடையாகச் சுருக்கிக் காட்டினால் லேப் வாய்மொழித் தேர்வான வைவாவில் பேச்சியம்மாள் பாஸ். போர்டில் சுற்றிலும் நான்கு, எல்லாம் பத்து ஓம், நடுவில் குறுக்கே ஒன்று. சாக்பீஸை விரலிடுக்கில் உருட்டிக்கொண்டே நின்றாள்.

"சுத்தி நாலும் சமமா இருக்கிறதால நடுவுல இருக்கிறதுல கரண்டே ஓடாதும்மா. இருந்தாலும் ஒண்ணுதான், இல்லாட்டியும் ஒண்ணுதான். அதை அழிச்சிட்டுக் கணக்கைப் போடு," என்றார் வெளியிலிருந்து வந்த எக்ஸாமினர்.

வருஷம் பூராவும் லேப்பில் அவளை வயரைத் தொடவிடாமல், நடுவில் உட்காரவைத்து ரீடிங் மட்டும் எழுதச் சொன்ன பையன்கள் பின்னால் சிரித்தார்கள். "அழி பேச்சி, வீட்டுக்குப் போகணும்."

டஸ்டரை எடுத்தாள். நடுவில் இருந்ததைத் தொடாமல், மேலே இருந்த ஒரு பத்து ஓமை அழித்து முப்பது என்று எழுதினாள்.

"இப்ப நடுவுலயும் ஓடும் சார்."

"கேள்விய யாரும்மா மாத்தச் சொன்னா? இனிமே சுருக்குறது லேசில்ல."

"தெரியும் சார்," என்று கணக்கின் முதல் வரியைப் போட்டாள். அவர் பேனா மார்க் ஷீட்டுக்கு மேலேயே நின்றது.