உடைந்த விளக்கு

கண்ணாடி சிமென்ட் தரையில் சிதறுகிற சத்தம். சின்ன வயதில் ஒருநாள் கேட்டது, அவள் காதைவிட்டுப் போகவேயில்லை. அப்பாவின் பாட்டிலைத் தம்பி போட்டு உடைத்தான். ஏன் உடைத்தான் என்று யாரும் கேட்கவில்லை. அப்பா பெல்ட்டைக் கழற்றினார். அன்றிலிருந்து வீட்டில் அவனுக்கு 'உடைசல்' என்று பேர்.

இன்று அதே சத்தம், அவள் நடத்தும் ஆலையில்.

"அறிவிருக்காடா உனக்கு?" தம்பியைப் பார்த்துக் கத்தினாள்.

குப்பையிலிருந்து எடுத்த வாயுவை வினையூக்கியின்மேல் செலுத்தி எரிபொருளாக்கும் சின்ன ஆலை அது. பணம் போட்டவர்கள் வந்து நின்றிருந்தார்கள். எரித்துக் காட்டாவிட்டால் ஆலையை மூடிவிடுவது என்ற முடிவோடு வந்தவர்கள். காலையில் தொட்டியிலிருந்து அவளே பிடித்து வந்தது, தண்ணீர் மாதிரித் தெளிவாகக் கண்ணாடி விளக்கில் நிறைந்திருந்தது.

அவள் தீப்பெட்டியை எடுத்தபோதே தம்பி பக்கத்தில் வந்தான்.

"அக்கா, ஒரு நிமிஷம்..."

"அப்புறம்."

"ஒரே ஒரு வார்த்தைக்கா..."

"வாயை மூடிக்கிட்டு நில்லுன்னா நிக்க மாட்டே?"

குச்சியை உரசப் போனாள். அவன் முழங்கை விளக்கை இடித்தது.

வந்தவர்களில் பெரியவர் சிரித்துவிட்டார். "விடும்மா, கை தவறிடுச்சு. அடுத்த வாரம் வர்றோம். அன்னைக்கும் எரியலைன்னா பூட்டுதான்."

கார் கிளம்பும்வரை மீதியைப் பல்லைக் கடித்து அடக்கிக்கொண்டிருந்தாள்.

"ஆறு வருஷம்டா! கல்யாணம் காட்சி எதுவும் வேண்டாம்னு இந்த இரும்புக் குழாய்களே கதின்னு கிடந்தேன். அம்மா அழுதாளேன்னு உன்னைச் சேர்த்தேன் பாரு, என்னைச் சொல்லணும்!"

"நான் சொல்ல வந்தது என்னன்னா..."

"பேசாதே! ஒரே காலேஜ், ஒரே படிப்பு. பேர் மட்டும் எனக்கு வந்துடுமேன்னு உனக்கு வயிற்றெரிச்சல். உடைசல்! சரியாத்தான் பேர் வச்சாங்க."

அவன் அவளையே பார்த்தான். கழுத்திலிருந்த அடையாள அட்டையைக் கழற்றி மேஜைமேல் வைத்தான். கதவைச் சத்தமில்லாமல் சாத்திக்கொண்டு போனான்.

ஆத்திரம் அடங்காமல் கண்ணாடிச் சில்லுகளைக் கூட்டி அள்ளினாள். கொட்டிக் கிடந்ததைத் துணியால் துடைத்தாள். துணி நனைந்தது. கையில் பிசுக்கு ஒட்டவில்லை.

முகர்ந்தாள். வாசனையே இல்லை.

துணியை வாசலில் போட்டு, எரிகிற குச்சியை அதன்மேல் வைத்தாள்.

'சுஸ்' என்று அணைந்தது.

தொட்டிக்கு ஓடினாள்.

அந்த வினையூக்கி எரிபொருளோடு தண்ணீரையும் சேர்த்தேதான் தரும். எரிபொருள் மேலே மிதக்கும், தண்ணீர் அடியில் தங்கும். மேல் குழாயைத் திறந்தால் எரிபொருள், கீழ்க் குழாயைத் திறந்தால் தண்ணீர். பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். தினமும் பிடிப்பவன் தம்பி. இன்றைக்குப் பெருமையாக, அவசரமாக, அவள் பிடித்தாள்.

மேல் குழாய் காய்ந்து கிடந்தது. கீழ்க் குழாயின் வாயில் ஒரு சொட்டு தொங்கிக்கொண்டிருந்தது.

அடுத்த வாரம் விளக்கு எரிந்தது. எல்லோரும் கை தட்டினார்கள். ஆலை பிழைத்துக்கொண்டது.

தம்பி இப்போது வேறு ஊரில் பஸ் ஓட்டுகிறான். அக்காவின் போனை எடுப்பதில்லை.