இப்போது பார்ப்பவர்கள்

அக்கா வீட்டுக்காரரின் கம்ப்யூட்டரில் வைரஸ் ஏறுவது இது மூன்றாவது முறை. இலவசம் என்று கண்ணில் பட்டதை எல்லாம் தட்டி இறக்கிவிட்டு, பழியை மட்டும் என் தலையில் போடுவார். ஹார்ட் டிஸ்க்கைச் சுத்தமாக அழித்து எல்லாவற்றையும் புதிதாக ஏற்றிக் கொடுத்தேன். நன்றி வரவில்லை, அடுத்த உத்தரவுதான் வந்தது.

"இப்ப எத்தனை பேர் பார்க்கறாங்கன்னு என் கடை வெப்சைட்ல ஒரு நம்பர் ஓடணும்."

பக்கத்தின் அடியில் அந்த எண்ணைச் சேர்த்தேன். இன்னும் இணையத்தில் ஏற்றவில்லை. அந்தப் பக்கம் எங்கள் முன்னால் இருந்த கம்ப்யூட்டரில் மட்டும்தான் திறந்திருந்தது, ஒன்று என்று காட்டியிருக்க வேண்டும். மூன்று என்று காட்டியது.

"வைரஸ் இன்னும் உள்ளதான் இருக்கு. உனக்கு வேலை தெரியல."

"தெரியாதவன்கிட்ட ஏன் மாமா வர்றீங்க?"

இணையக் கேபிளைப் பிடுங்கி அவர் மடியில் போட்டேன். மூன்றுதான். அவர் கோபத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டார், இரண்டானது. மறுபடி திரையைப் பார்த்தார், மூன்றானது. அதில் கேமராகூடக் கிடையாது. அறையில் நாங்கள் இருவர்தான்.

"என்கிட்டயே விளையாடறியா?" என்று கத்திவிட்டு, கதவை அறைந்து சாத்திக்கொண்டு போனார். எண் இரண்டானது.

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அந்த இரண்டையே முறைத்துக்கொண்டிருந்தேன். சற்று நேரத்தில் அது ஒன்றானது.

திரையிலிருந்து கண்ணை எடுத்தது நான் இல்லை.