சனிக்கிழமைக்குள் ஓர் இடுப்பு

"டேய் ஜோசப்பு, இடுப்புன்னு உனக்கு ஒண்ணு இருக்குதா, இல்ல பெல்ட்டு மாட்டறதுக்கு ஆணி அடிச்சு வெச்சிருக்கறயா?"

மைசூர் மாணவர் விடுதியின் மொட்டை மாடியில், காய்கிற லுங்கிகளுக்கு நடுவே நின்று கேட்டான் கவின்ராஜ். ஜோசப் பதிலுக்கு வியர்த்தான்.

கர்நாடக எல்லை ஊரான ஹனூரைச் சேர்ந்த கவின்ராஜுக்கு இந்தக் கானா நாட்டு ஆட்டம் வந்ததே ஒரு விபத்து. போன வருடம்வரை பக்கத்து அறையில் இருந்த கானா சீனியர்கள், ஆள் குறையும்போதெல்லாம் தாளம் தட்டும் இரும்பு மணியை இவன் கையில் திணித்துவிடுவார்கள். பாடமெல்லாம் கிடையாது. தப்பாகத் தட்டினால் எல்லாரும் நிறுத்திவிட்டு இவனையே பார்ப்பார்கள். அந்தப் பார்வைக்குப் பயந்தே ஒரு மாதத்தில் மணி பழகியது. மூன்று மாதத்தில் முழங்காலும் இடுப்பும்.

ஜோசப்பின் கதை வேறு. அப்பா பாதிரியார். வீட்டில் விரலால் மேசையைத் தட்டினாலே அன்றைக்குச் சோறு கிடையாது. அப்படி வளர்ந்தவனின் பெயரைத்தான் சனிக்கிழமை கலைவிழாவில் இந்த ஆட்டத்துக்குக் கொடுத்திருந்தார் வார்டன் குப்புசாமி. ஜோசப் இரண்டு முறை மறுத்துப் பார்த்தான். அடக்கமான பிள்ளை என்று மெச்சிவிட்டுப் போனார். மேடையில் சொதப்பினால் மீதி இரண்டு வருடமும் மைசூரில் தலைகாட்ட முடியாது.

"ஒன், டூ, த்ரீ..." என்று முணுமுணுத்தபடி காலை வைத்தான் ஜோசப்.

"எண்ணாதடா, ரேஷன் கடை க்யூவா இது? நான் தட்டற மணியக் கேளு, காலு தானா வரும்."

கால் தானாக வந்து, யாரோ துணி ஊறவைத்திருந்த பக்கெட்டுக்குள் இறங்கியது. கவின்ராஜ் நீளமாகத் திட்டினான். ஜோசப்புக்குப் பாதிதான் புரிந்தது. அவனுக்குத் தமிழ் அரைகுறை. மைசூரில் அதை யாரும் அதிசயமாகப் பார்ப்பதில்லை.

இனிச் சொல்லிப் பயனில்லையென்று கவின்ராஜே ஆடிக் காட்டினான். முழங்கால் மடங்கி, முதுகு வளைந்து, இடுப்பு தனி அரசாங்கம் நடத்திக்கொண்டிருந்த நேரத்தில், படியேறி வந்து நின்றார் வார்டன். மானம் போயிற்று என்று ஜோசப் கண்ணை மூடிக்கொண்டான்.

வார்டன் கவின்ராஜை மேலும் கீழும் பார்த்துவிட்டு, ஜோசப்பின் தோளில் கை போட்டார்.

"பரவாயில்லையே ஜோசப், ரெண்டே நாள்ல இவனை இவ்வளவு தூரம் தேத்திட்டியே. ஆனா கவின்ராஜ், நீ என்னதான் குதிச்சாலும் அவனை மாதிரி வராதுப்பா. அவன் கானா நாட்டுக்காரன், ரத்தத்துலயே ஓடுது."