பனியன் புதைத்த இடம்

கப்பல் வேலைக்குக் கிளம்பிய அன்று பெலிக்ஸ், போட்டிருந்த பருத்தி பனியனைக் கழற்றித் தோட்டத்தில் புதைத்தான். கட்டட இடிபாடு கொட்டிக் கெட்டுப்போன மண் அது. நொச்சியும் ஆவாரையும் வைக்க ஆசைப்பட்டு, அவனும் மனைவி ஜெசிந்தாவும் ஒரு வருஷமாகச் சருகும் சாணமும் போட்டுப் பக்குவப்படுத்தியிருந்தார்கள்.

"அறுபது நாள் கழிச்சுத் தோண்டிப் பாரு. மண்ணுக்கு உசுரு வந்திருந்தா பனியனைத் தின்னுருக்கும். துணி அப்படியே கிடந்தா செடி வைக்காத," என்றான்.

முப்பத்தெட்டாம் நாளோடு அவனிடமிருந்து போன் வருவது நின்றுபோனது. கம்பெனியில் கேட்டால், "தகவல் வந்தா சொல்றோம்" என்றார்கள். ஜெசிந்தா அந்த இடத்துக்குத் தண்ணீர் விடுவதை நிறுத்தினாள். பிறகு மேலே கிடந்த சருகை வாரி எறிந்தாள். அவன் உடம்பில் கிடந்த பனியன், அது முழுசாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். ஐம்பதாம் நாளிலிருந்து தினமும் ஒரு கை கல்லுப்பு தூவினாள்.

அறுபதாம் நாள் காலையில் பெலிக்ஸின் தங்கை மெர்சி நொச்சிக் கன்றோடு வந்து மண்வெட்டியை எடுத்தாள்.

"இன்னும் ரெண்டு நாள் கிடக்கட்டும், மெர்சி."

"அண்ணன் சொன்ன நாள் இன்னைக்குத்தான, மைனி. அவன் வர்றதுக்குள்ள வச்சிரணும்."

உப்பு படாத ஓரத்தில் ஒரு வெட்டு. கறுத்த மண் புட்டு போல உதிர்ந்தது.

"மைனி, புழுவைப் பாருங்க, எவ்வளவு! மண்ணு உசுரோட இருக்கு!"

மெர்சி மறுபடி ஓங்குவதற்குள் ஜெசிந்தா போய்ப் பனியன் கிடந்த இடத்தின்மேல் உட்கார்ந்துகொண்டாள்.

"எந்திரிங்க மைனி. பனியனைப் பாக்க வேண்டாமா?"

ஜெசிந்தாவின் உள்ளங்கையில், காலையில் தூவிய உப்பு இன்னும் ஒட்டியிருந்தது.